மருந்துக்கூர்க்கனை முதன்முறையாக நடுவோருக்கு: ஆவணம், செலவு, காலக்கணக்கு

ஆத்தூர்ப் பக்கத்துக் கரட்டுச் செம்மண்ணில் ஓர் ஏக்கர் மருந்துக்கூர்க்கன் நட்டு, நல்ல விளைச்சலும் எடுத்து, கடைசியில் எதிர்பார்த்ததில் பாதிப் பணத்தோடு வீடு திரும்பியவன் நான். முழங்கால் உயரத்தில், ஊதாநிறப் பூங்கதிர்களோடு, பாறைச் சரிவுகளில் யாரும் நீர் ஊற்றாமலே வளரும் மூலிகை அது. அதை வளர்ப்பதில் எனக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. யாருக்கு விற்பது, எந்த நிலையில் விற்பது, எந்த அளவுகோலில் எடை போடுவது என்பவற்றை நடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளாததுதான் என் தவறு. ஆகவே இந்தக் கட்டுரையில் முதல் மூன்று படிகளும் காகிதத்தைப் பற்றியவை. மண்வெட்டி நான்காம் படியில்தான் வருகிறது. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்தச் செடி என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்

கூர்க்கன் என்ற பெயரில் இரண்டு செடிகள் புழங்குகின்றன. திருநெல்வேலிப் பக்கம் சிறுகிழங்கு என்றும், கேரளத்தில் கூர்க்கா என்றும் சமைத்துண்ணும் செடி வேறு. கோலியஸ் என்ற பெயரில் நிறுவனங்கள் வாங்குவது அதன் உறவினமான மருந்துக்கூர்க்கன். கற்பூரவல்லியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. மருந்துக்கூர்க்கனின் வேர்க்கிழங்கில் உள்ள ஃபோர்ஸ்கோலின் என்னும் வேதிப்பொருளுக்காகத்தான் அதை வாங்குகிறார்கள். நம் பகுதியில் இந்தக் கிழங்கைச் சமைப்பவர் இல்லை. குஜராத்தில் ஊறுகாய் போடுவதுண்டு என்றாலும் அந்தச் சந்தை நமக்கு எட்டாது. ஆகவே, விலை போகாவிட்டால் சந்தையில் கொட்டி விற்கும் வழி இதற்குக் கிடையாது என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மலையடிவாரத்துப் பாறைகளில் தானாக முளைத்திருக்கும் செடியைப் பிடுங்கிவந்து நாற்றாக்கலாம் என்று சிலர் சொல்லுவார்கள். அந்த இடம் காப்புக்காடாக இருந்தால் அது குற்றம். மேலும், காட்டுச் செடியில் ஃபோர்ஸ்கோலின் எவ்வளவு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அடுத்து, மருந்து என்ற பெயரை நம்பிக் கிழங்கை வீட்டில் அரைத்துக் குடிக்க வேண்டாம். ஃபோர்ஸ்கோலின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் தன்மையுடையது. ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் உள்ள வீட்டில் இது விளையாட்டல்ல.

2. வாங்குபவரை முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென 2019ஆம் ஆண்டில் தனிச்சட்டம் வந்திருக்கிறது. அதன்படி ஒப்பந்தத்தை அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். ஆனால் நடைமுறையில் பல இடங்களில் நடப்பது வேறு. நிறுவனத்தின் முகவர் ஒருவர் வந்து, அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கி, நாற்றையும் கடனாகக் கொடுத்துவிட்டுப் போவார். நானும் அப்படித்தான் கையெழுத்திட்டேன், நகல்கூடக் கேட்கவில்லை. அறுவடை நாளில் அந்த முகவர் வேறொரு நிறுவனத்துக்கு மாறிப் போயிருந்தார்.

ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். நிறுவனத்தின் முத்திரையும் பொறுப்பான அலுவலரின் கையொப்பமும் உள்ள நகல் உங்கள் கைக்கு வந்த பிறகே நாற்றை இறக்குங்கள். அதில் பின்வருவன தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

முதலாவது, விலை ஈரக்கிழங்குக்கா, காய்ந்த கிழங்குக்கா என்பது. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஏறத்தாழ 9 கிலோ ஈரக்கிழங்கு காய்ந்தால் 1 கிலோ நிற்கும். உதாரணத்துக்கு ஒருவர் ஈரக்கிழங்கு கிலோ 12 ரூபாய் என்றும், இன்னொருவர் காய்ந்தது கிலோ 100 ரூபாய் என்றும் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் 100 ரூபாய்தான் இனிக்கும். ஆனால் 6,500 கிலோ ஈரக்கிழங்கு எடுத்தால் முதல் கணக்கில் 78,000 ரூபாய் வரும். அதையே காயவைத்தால் 720 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும், வரவு சுமார் 72,000 ரூபாய். நறுக்கிக் காயவைக்கும் கூலி வேறு உங்கள் தலையில் விழும். இந்த விலைகள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை. உங்களுக்குச் சொல்லப்படும் விலையை இதே முறையில் வகுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஈரப்பத வரம்பும் கழிவும். காய்ந்த சரக்கில் 12 சதவீத ஈரப்பதம் வரை ஏற்பது வழக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எடையில் 1 சதவீதத்தை விடச் சற்றே கூடுதலாகக் கழிப்பது நியாயம். 18 சதவீத ஈரத்தில் 966 கிலோ நிற்கும் சரக்கு, 12 சதவீதத்துக்குக் காய்ந்தால் 900 கிலோவாகும், அதாவது 7 சதவீதம்கூடக் குறையாது. என்னிடம் சதவீதத்துக்கு இரண்டு வீதம் கழித்தார்கள். தாளில் எதுவும் எழுதப்படாததால் என்னால் வாதாட முடியவில்லை.

மூன்றாவது, ஃபோர்ஸ்கோலின் அளவைப் பொறுத்து விலை மாறுமா என்பது. மாறும் என்றால், களத்தில் எடுக்கும் மாதிரியை மூன்று பொட்டலமாக்கி, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒட்டி, ஒன்றை நிறுவனத்திடமும் ஒன்றை உங்களிடமும் வைத்து, மூன்றாவதைத் தகராறு வந்தால் வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கென ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்கு மறுக்கும் நிறுவனத்தோடு நான் இனி வியாபாரம் செய்ய மாட்டேன்.

இவற்றோடு, எடை எங்கே போடப்படும், சாக்கும் வண்டி வாடகையும் யாருடையவை, எத்தனை நாளுக்குள் பணம் வங்கிக் கணக்கில் வரும், நாற்றுக்கடன் ஒன்றுக்கு எவ்வளவு, நாற்று பட்டுப்போனால் அந்தக் கடன் யாரைச் சேரும், நிறுவனம் சரக்கை எடுக்க மறுத்தால் என்ன இழப்பீடு ஆகியவையும் இடம்பெற வேண்டும்.

3. ஆவணங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

சிட்டா, பட்டா, அடங்கல், புலப்பட நகல், ஆதார், வங்கிப் புத்தக முதல் பக்க நகல், கடவுச்சீட்டு அளவுப் படங்கள் ஆகியவற்றை நட்ட பிறகு தேடாமல், வைகாசிக்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிட்டாவை இணையத்திலேயே எடுக்கலாம். பட்டா இன்னும் தந்தை அல்லது பாட்டனார் பெயரில் இருந்தால் அதை மாற்றுவதற்கே மாதங்கள் ஆகும் என்பதால், அந்த வேலையை எல்லாவற்றுக்கும் முன்பு தொடங்குங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்றப் பங்காளிகளின் ஒப்புதல் கடிதம் கேட்கப்படலாம்.

5 ஏக்கர் வரை வைத்திருப்பவர்கள் வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்றிதழ் பெற்றுக்கொள்வது நல்லது. சொட்டுநீர் அமைப்புக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. அதற்கு மண், நீர் பரிசோதனை அறிக்கைகளும் கேட்பார்கள். மருத்துவப் பயிருக்கான உதவி அந்தந்த ஆண்டின் ஒதுக்கீட்டைப் பொறுத்தது. வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேட்டு, நடவுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். நட்டுவிட்டு மானியம் கேட்கப் போவது பேருந்து புறப்பட்ட பிறகு இடம் பிடிக்கத் துண்டு போடுவதைப் போன்றது.

அடங்கலில் பயிரின் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு முதலில் “இதரப் பயிர்” என்றுதான் எழுதியிருந்தார்கள். 2023ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட உயிரியல் பன்மைச் சட்டம், பயிரிடப்பட்ட மருத்துவத் தாவரங்களுக்குச் சில விலக்குகள் தருகிறது. ஆனால் அதற்கு உள்ளூர் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழுவின் பிறப்பிடச் சான்று வேண்டும். சரக்கு காட்டிலிருந்து எடுக்கப்படவில்லை, வயலில் விளைந்தது என்று காட்ட வேண்டிய தேவை வாங்கும் நிறுவனத்துக்கு இருப்பதால், அறுவடைக்கு முந்திய வாரத்தில் திடீரென்று இந்தச் சான்றைக் கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலர் களத்துக்கு வந்து பயிரைப் பார்க்கும்போதே பெயரை எழுதச் சொல்லிவிட்டால் பிறகு அலைய வேண்டியதில்லை. வயலை மாதம் ஒருமுறை படமெடுத்து வைப்பதும் உதவும்.

4. நடவு நாளைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

இந்தப் பயிருக்கு ஏறத்தாழ 180 நாள் ஆகும். நடவை மழையை வைத்து முடிவு செய்வது நம் வழக்கம். ஆனால் இங்கே கிழங்கு காயவேண்டிய வெயிலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆடி முதல் வாரத்தில் நட்டால் தை பிறந்ததும் தோண்டலாம், அப்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து களம் காய்ந்திருக்கும். புரட்டாசியில் நடுபவர்கள் பங்குனியில் தோண்டுவார்கள். அதுவும் நல்ல வெயில்தான் என்றாலும், இளஞ்செடி ஐப்பசி மழையில் நின்று அழுகும் வாய்ப்பு அதிகம். கிணற்றில் நீர் இருக்கிறதே என்று சித்திரையிலேயே நட்ட என் பக்கத்து வயல்காரர், ஐப்பசியில் தோண்டிய கிழங்கை வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் பரப்பி, பூசணம் பிடித்துப் பாதியைக் குப்பையில் கொட்டினார்.

நாற்றுக்கு ஒரு மாதம் வேண்டும் என்பதால், ஆடி நடவுக்கு ஆனி முதல் வாரத்திலேயே குச்சி வெட்டியாக வேண்டும்.

5. நிலத்தையும் நாற்றையும் ஆயத்தம் செய்யுங்கள்

நீர் தேங்காத செம்மண், சரளை கலந்த மண் ஆகியவை ஏற்றவை. பாறைச் சரிவில் பிறந்த செடி இது. ஈரத்தைத் தாங்கினாலும் தேங்கலைத் தாங்காது. களிமண் நிலமோ, வரப்போரம் நீர் கசியும் நிலமோ இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

முந்தைய பயிர் எது என்பது அதைவிட முக்கியம். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை ஆகியவற்றுக்குப் பிறகு இதை நடாதீர்கள். அவற்றின் வேரைத் தாக்கும் நூற்புழுவும் வாடல் நோய்க் கிருமியும் மண்ணிலேயே காத்திருந்து கூர்க்கனைப் பிடிக்கும். தக்காளி எடுத்த கால் ஏக்கரில் நானும் நட்டேன். 60ஆம் நாளுக்குப் பிறகு ஒவ்வொரு காலையிலும் நான்கைந்து செடிகள் தலை தொங்கி நின்றன. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. சோளம், கம்பு போன்ற தானியப் பயிருக்கு அடுத்தோ, துலுக்கச்சாமந்தி போட்ட நிலத்திலோ நடுவது பாதுகாப்பானது.

கடைசி உழவில் ஏக்கருக்கு 6 டன் மக்கிய தொழுவுரமும், 160 கிலோவுக்குக் குறையாத வேப்பம்புண்ணாக்கும் இடுங்கள். வேர்நோயைத் தடுக்கும் பூஞ்சணமான டிரைக்கோடெர்மா விரிடி 1 கிலோவை 25 கிலோ மக்கிய உரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காக்க வைத்திருந்து தூவுங்கள். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள் பின்னர் மருந்துக்கடையில் அதைப்போல் இரண்டு பங்கு கொடுத்திருக்கிறார்கள்.

நாற்றுக்கு, நோயற்ற தாய்ச்செடியின் நுனித்தண்டை 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளத்தில், மூன்று அல்லது நான்கு இலைச் சோடிகளோடு வெட்ட வேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் அமைத்த மேட்டுப்பாத்தியில் நெருக்கமாக ஊன்றுங்கள். 5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றினால் 17,000 குச்சிகளுக்கு ஒரு சென்ட்டுக்குச் சற்று மேற்பட்ட இடம் போதும். நடைவழியோடு இரண்டு சென்ட் ஒதுக்குங்கள். 98 குழித் தட்டு என்றால் 175 தட்டுகள் வேண்டும்.

நிறுவனம் தரும் நாற்றாக இருந்தால், இறக்கும்போதே எண்ணுங்கள். பத்து நாற்றைத் தூக்கி வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு இருந்தால் முழு வண்டியையும் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம், ஏனெனில் அந்த நூற்புழு உங்கள் நிலத்தில் ஒருமுறை குடியேறினால் அடுத்து நீங்கள் போடும் காய்கறிப் பயிர்களையும் விடாது.

6. நடவும் பராமரிப்பும்

பாருக்குப் பார் 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் என்று நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 15,000 செடிகள் பிடிக்கும். மீதமுள்ள 2,000 நாற்றைப் பாடுவாசிக்கு, அதாவது பட்டுப்போன செடிகளின் இடத்தில் நடுவதற்கு, வைத்திருங்கள். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், முதல் இரு வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை, அதன்பின் மழையைப் பார்த்து வாரம் ஒருமுறை பாய்ச்சினால் போதும்.

பொதுவான உரப் பரிந்துரை எக்டேருக்குத் தழைச்சத்து 30, மணிச்சத்து 60, சாம்பல்சத்து 50 கிலோ. அது ஏக்கருக்கு யூரியா 26 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ என்று வரும். இதை இரண்டாகப் பிரித்து, நட்ட 30ஆம் நாளும் 45ஆம் நாளும் இட்டு மண் அணையுங்கள். மண் பரிசோதனை அறிக்கை வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். செடி கருகருவென்று தழைக்க வேண்டும் என்று யூரியாவைக் கூட்டினால் இலைதான் கிடைக்கும்.

களையெடுப்பு இரண்டு முறை. மாவுப்பூச்சி தண்டின் கணுக்களில் முதலில் தென்படும், அந்த நுனிகளை வெட்டி எரித்துவிடுவதே எளிது. வாடிய செடியை மண்ணோடு தோண்டி அகற்றி, அந்தக் குழியைச் சுற்றி நீர் பாய்வதை உடனே தடுத்துவிடுங்கள். பார்வழி பாயும் நீர்தான் நோயை அடுத்த செடிக்குக் கொண்டு போகிறது. மருந்துக்கு வாங்கும் கிழங்கு என்பதால், கடைக்காரர் சொல்லும் பூச்சிமருந்தை அடிப்பதற்கு முன்பு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். எச்சம் இருந்தால் சரக்கை மறுக்கும் உரிமையை அவர்கள் ஒப்பந்தத்தில் வைத்திருப்பார்கள்.

கார்த்திகை வாக்கில் கதிர் விட்டு ஊதாப்பூ பூக்கத் தொடங்கும். பார்ப்பதற்கு அழகுதான், தேனீக்கள் மொய்க்கும். ஆனாலும் மொட்டிலேயே கிள்ளிவிடுங்கள், சத்து கிழங்குக்கு இறங்கட்டும். வரப்போரம் ஒரு வரிசையை மட்டும் நான் தேனீக்களுக்கு விட்டுவைத்தேன்.

7. தோண்டுதல், நறுக்குதல், காயவைத்தல்

தோண்டுவதற்கு இரண்டு நாள் முன்பு இலேசாக ஒரு தண்ணீர் விட்டால் கிழங்கு ஒடியாமல் வரும். ஏக்கருக்கு 6 முதல் 8 டன் ஈரக்கிழங்கு எடுக்கலாம். காய்ந்தால் அது ஏறத்தாழ 670 முதல் 890 கிலோ.

முதல்முறை நடுபவர்கள் செலவுக் கணக்கில் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். என் ஓர் ஏக்கருக்கு நடவுக்கு 14 ஆள், களையெடுப்பு இரண்டுக்கும் சேர்த்து 28 ஆள், தோண்ட 25 ஆள் ஆயின. மண்ணைக் கழுவிக் கிழங்கை வில்லைகளாக நறுக்க மட்டும் 70 ஆள். பரப்பி, புரட்டி, மாலையில் மூடிவைக்க மேலும் 12 ஆள். ஆக 149 ஆள்கூலி. இதை உங்கள் ஊர்க் கூலியால் பெருக்கிப் பாருங்கள். தைப் பொங்கலை ஒட்டி ஆள் கிடைப்பது கடினம் என்பதால், நறுக்க வருவோரிடம் மார்கழியிலேயே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். ஒரு நாளில் நறுக்க முடிந்த அளவுக்கு மட்டுமே தோண்டுங்கள். குவித்து வைத்த கிழங்கு சூடேறி அழுகும்.

சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்பி, பொழுது சாயும் முன்பு அள்ளி மூடிவிடுங்கள். பனியில் கிடந்தால் அன்றைய வெயில் வீண். வில்லையை வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும். அதன்பின் ஈரப்பதமானியில் ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே பாலித்தீன் உறை போட்ட சாக்கில் கட்டுங்கள்.

8. எடையும் பணமும்

எடைத்தராசில் எடையளவுத் துறையின் நடப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுச் சாக்கு ஒன்றை முதலில் நிறுத்து, அந்த எடையை மட்டுமே கழிக்கச் சொல்லுங்கள். “சாக்குக்கு ஒரு கிலோ” என்ற பேச்சை ஏற்க வேண்டாம். ஒவ்வொரு சாக்கின் எடையையும் ஈரப்பத அளவையும் இரண்டு நோட்டுகளில் எழுதி, இரண்டிலும் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வண்டி கிளம்புவதற்கு முன்பு, மொத்த எடையும் விலையும் நாற்றுக்கடன் கழிவும் பணம் வரும் தேதியும் எழுதிய சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் எடை போட்டுவிட்டு, ஆலையில் மறு எடை போட்டுப் பார்த்து விலை சொல்வோம் என்றால் நீங்களும் வண்டியோடு போய்விடுங்கள்.

அடுத்த ஆண்டும் நடுவதாக இருந்தால் எல்லாவற்றையும் தோண்டிவிடாதீர்கள். வாடல் தென்படாத மூலையில் நூறு செடியை நிழல்வலைக்கு அடியில் விட்டு, வாரம் ஒரு தண்ணீர் காட்டி வாருங்கள். மாசியில் அவற்றின் நுனியை ஊன்றித் தாய்ச்செடியைப் பெருக்கிக்கொண்டால், ஆனியில் வெட்ட வேண்டிய 17,000 குச்சியும் உங்கள் நிலத்திலேயே கிடைக்கும், நாற்றுக்கடன் என்ற வரியே அடுத்த ஒப்பந்தத்தில் இருக்காது. ஆனால் நடவை மட்டும் அதே நிலத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம், அங்கே கம்போ சோளமோ போடுங்கள்.